இட்டேரிக் கதவின் மணி

அவருடைய பேர் எனக்கு நன்றாகத் தெரியும். சேலம் அம்மாபேட்டையில் எந்தத் தெரு என்பதுகூடத் தெரியும். ஆனால் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருடைய பேரன் பேத்தி யாராவது படித்துவிட்டு, எங்கள் தாத்தாவைப் பற்றிப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள் என்று நாலு பேரிடம் காட்டுவார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? எங்கள் பக்கத்தில் எல்லோரும் அவரை மணிக்காரர் என்றுதான் சொன்னார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஆள் ஒல்லி. வேட்டிக்கு மேல் ஒரு காக்கிக் கோட்டுப் போட்டிருப்பார். ரயில்வேயில் தந்திக் கம்பி வேலை பார்த்த காலத்துக் கோட்டு அது. மணிக்கான பேட்டரி ஜாடிகளில் ஊற்றுகிற நவச்சாரத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும். சேலத்திலிருந்து பஸ்ஸில் புதுச்சத்திரம் வந்து இறங்கி, அங்கிருந்து இரண்டு மைல் தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வருவார். வந்ததும் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். முதலில் ஒரு கதவைத் திறப்பார். திறந்துவிட்டுக் கண்ணை மூடி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து நிற்பார். உள்ளே மணி கிணுகிணுவென்று அடித்ததும் "இருக்குது" என்பார். அப்புறம் அடுத்த கதவு. அதற்கும் "இருக்குது". வீட்டில் இருக்கிற எல்லாக் கதவுக்கும் இருக்குது சொல்லி முடித்த பிறகுதான் எங்களைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா அம்மிணி" என்பார்.

மனுஷர்களை இரண்டாவதாகத்தான் கேட்பார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் மாமனார் வீடு ஊருக்குள் இல்லை. தோட்டத்துக்கு நடுவில் தனித்த வீடு, சுற்றிலும் மதில். மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் கடலைக்கொட்டை மண்டியைப் பார்த்துக்கொண்டு வாரம் ஒரு முறை வருவார். நல்ல மனுஷன்தான். அப்பன் முன்னால் மட்டும் நாக்கு எழாது. நாத்தனாரையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஆக அந்தப் பெரிய வீட்டில் மாமாவும் நானும்தான். மாமனாரை எங்கள் பக்கம் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த வருஷம் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் சுவரில் கன்னம் வைத்து நகையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் நாய்க்கு யாரோ கறியில் எதையோ வைத்துக் கொன்று போட்டார்கள். காவலுக்கு இருந்த ஆளோ, கோழி கூவுகிற வரைக்கும் குறட்டை விடுவான். மாமா சேலத்தில் ஒரு வியாபாரி வீட்டில் பேட்டரி மணியைப் பார்த்துவிட்டு வந்தார். கதவைத் திறந்தால் தானாக அடிக்குமாம். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். யாரிடம் வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

முதலில் ஒரு கடையின் ஏஜெண்டு வந்தான். காலில் பூட்ஸ், கையில் அச்சடித்த நோட்டீஸ். மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் எடப்பாடியில் எட்டாவது வரைக்கும் படித்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். சீமையில் செய்த மணி, ஒரு தடவை மாட்டினால் ஆயுளுக்கும் கவலை இல்லை என்று போட்டிருந்தது. வாசித்து முடித்தவள் சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"கெட்டுப் போச்சுன்னா யாருங்க வந்து பாப்பாங்க?" என்று கேட்டேன்.

"கெட்டே போகாதும்மா" என்றான் அவன்.

"கெடாத சாமான் ஏதுங்க மாமா? ஏத்தத்துச் சால்கூட வருஷத்துக்கு நாலு தடவ ஒழுகுது" என்றேன். மாமா மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மணிக்காரர் வந்தார். பையைத் திறக்கவே இல்லை. "ஐயா கோவிச்சுக்கப்படாது. ஊட்டுல பொம்பளையாளு யாராச்சும் இருந்தாக் கூப்பிடுங்க" என்றார்.

"அது எதுக்குப்பா?" என்று மாமா முறைத்தார்.

"ஆம்பளைங்களக் கேட்டா வாசக்கதவையும் நகைப் பொட்டியையும் காட்டுவாங்க. எந்தத் தாப்பா ஆடுது, எந்தக் கதவு சரியாச் சாத்தாதுன்னு பொம்பளைங்களுக்குத்தானுங்க தெரியும்."

நான் முன்னால் நடக்க, அவர் பின்னாலேயே வந்தார். எங்கள் பொடக்காளியில், அதுதான் வீட்டுக்குப் பின்புறம், மதிலில் ஒரு சின்னக் கதவு உண்டு. குனிந்துதான் போக வேண்டும். அதைத் திறந்தால் இட்டேரி. இரண்டு பக்கமும் கள்ளி வேலி போட்ட வண்டித் தடம். சாணி அள்ளுகிறவள் காலையில் அந்த வழியாக வந்து போவாள். மற்ற நேரமெல்லாம் அந்தக் கதவு சாத்தித்தான் இருக்கும்.

"நீங்க திருடனா இருந்தா எந்த வழியா வருவீங்க அம்மிணி?" என்று கேட்டார்.

நான் அருவாளை எடுத்து அதன் மூக்கைக் கதவிடுக்கில் விட்டு நெம்பிக் காட்டினேன். தாப்பாள் தானாக எழுந்துகொண்டது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. மாமாவைப் பார்த்து, "மொதக் கம்பி இங்கதானுங்க ஐயா" என்றார்.

"கெட்டுப் போச்சுன்னா?" என்று அவரிடமும் கேட்டேன்.

"கெட்டுப் போகுமுங்க. ஜாடித் தண்ணி வத்தும், துத்தநாகம் கரையும், தகடு களிம்பேறும். அதுக்குத்தான் மாசாமாசம் அமாவாசைக்கு ரெண்டு நாள் முந்தி நான் வாரனுங்க. இருட்டுலதான திருடன் வருவான். கழுவித் தொடைக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் பெரிய மணியக் கழட்டோணும். அந்த ரெண்டு மணி நேரமும் தனிப் பேட்டரியோட சின்ன மணி ஒண்ணு மாட்டியிருக்கும். நான் பாத்துக்கற ஊடு ஒரு நொடிகூட மணி இல்லாம இருக்காதுங்க." அதோடு நிற்காமல், "கன்னம் வெச்சா இது அடிக்காதுங்க. அத இப்பவே சொல்லிப் போடறேன். நகை இருக்கற அறைக்கு மட்டும் சொவத்தச் சுத்தி நூல் கட்டித் தாரேன். நூலு அறுந்தா அடிக்கும்" என்றார்.

எது முடியாது என்று தானே முன்வந்து சொல்கிற வியாபாரியை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் மாமா, "நீ என்ன புள்ள சொல்ற?" என்று கேட்டார். அந்த வீட்டில் என் பேச்சு அம்பலம் ஏறியது அந்த ஒரு நாள்தான். "இவரையே வெச்சுக்கலாமுங்க மாமா. வித்துப்போட்டுப் போறவன் ஆயிரம் பேரு. திரும்பி வாரவரு இவருதான்" என்றேன். தனக்குத்தானே குழி வெட்டிக்கொள்கிறவள் அப்படித்தான் வக்கணையாகப் பேசுவாள் போலிருக்கிறது.

மணி மாட்டியாயிற்று. எங்கள் பக்கம் ஆசாரம் என்று சொல்கிற முன்கூடத்தில் பெரிய மணி. பித்தளைக் கிண்ணம் பளபளவென்று இருக்கும். பரணில் கண்ணாடி ஜாடிகள் நாலு. மாமாவின் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு சாவித் துளை. அந்தச் சாவியைத் திருகினால்தான் மணி ஓயும். சாவி மாமாவின் அரைஞாண் கயிற்றில். காலையில் சாணிக்காரி வருகிற நேரத்துக்கு மட்டும் திருகி நிறுத்துவார். அவள் போனதும் மறுபடி திருகிவிடுவார். வாசல் கதவு மணி ராத்திரிக்குத்தான். இட்டேரிக் கதவின் மணி மட்டும் பகலிலும் உயிரோடு இருக்கும்.

மாட்டிய இரண்டாம் மாதமே ஒரு கூத்து நடந்தது. ஒரு நாள் மத்தியானம் மழையில் நனைந்து வந்த மாமா, சுற்றிக்கொண்டு போவானேன் என்று இட்டேரிக் கதவை நெம்பித் திறந்துவிட்டார். மணி அடித்த அடியில் தோட்டத்து ஆட்கள் கட்டையும் கம்புமாக ஓடிவந்து, தலையில் சாக்கைப் போட்டிருந்த அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டார்கள். நான் ஓடிப்போய்க் குறுக்கே நிற்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும். மணிக்காரர் அடுத்த மாதம் வந்தபோது மாமாவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மணிக்காரர் சிரிக்கவில்லை. "மணிக்கு ஊட்டுக்காரர் யாரு, கள்ளன் யாருன்னு தெரியாதுங்க. தெரியவும் கூடாதுங்க" என்றார். நான்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சொன்ன நாளில் வருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு ஐப்பசியில் அடைமழை. தரைப்பாலத்தில் வெள்ளம், பஸ் இல்லை. இன்றைக்கு எங்கே வரப்போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, யாருடைய மாட்டு வண்டியிலோ தொற்றிக்கொண்டு, கோட்டைக் கழற்றிப் பையைச் சுற்றிக் கட்டி, தான் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். "நாளைக்கு வந்தா என்னப்பா, தலையா போகுது?" என்றார் மாமா. "நாளைக்கு வந்தா இன்னைக்கு வரலைன்னு ஆயிருமுங்களே" என்றார் இவர். அன்றைக்கு அவருக்கு நான் சுடச்சுடக் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தேன். என் அப்பா இருந்திருந்தால் இந்த வயசுதான் இருக்கும் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பத்து ஊர் வீடுகளுக்கு உள்ளே போய் வருகிறவர். ஆனால் ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் சொல்ல மாட்டார். நான் நோண்டி நோண்டிக் கேட்பேன். "எல்லா ஊட்டுலயும் கதவு இருக்குதுங்க அம்மிணி, அதுக்கு மேல எனக்கொண்ணும் தெரியாது" என்பார். ஆனால் நான் சொல்வதையெல்லாம் கேட்பார். ஜாடியைக் கழுவிக்கொண்டே, ம், ம் என்று கேட்பார். பேச ஆளில்லாத வீட்டில் மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் பேசக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? என் அம்மா வைக்கிற புளிச்சாறு, என் அண்ணன் கோபம், எல்லாம் அவருக்குத் தெரியும்.

அந்த அண்ணன் கோபம்தான் என் தலையில் விடிந்தது. என் நாத்தனார் கல்யாணத்தில் என் அண்ணனை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை. இலை போட்ட இடத்திலிருந்து எழுந்து அடுத்த பந்திக்கு வரச் சொன்னார்கள். அண்ணன் கை நனைக்காமல் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். எங்கள் ஜனத்தில் சாப்பிடாமல் போவதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. "இனி அந்த ஊட்டு வாசப்படிய இந்த ஊட்டு ஆளு மிதிக்கக் கூடாது" என்று மாமா சொல்லிவிட்டார். நானும் இந்த வீட்டு ஆளாம். இரண்டு ஆடி நோம்பி போயிற்று, இரண்டு பொங்கல் போயிற்று. அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை.

எடப்பாடியிலிருந்து சேலை மூட்டை கொண்டுவருகிற துணிக்காரர் ஒருவர் உண்டு. அவர்தான் தை மாதம் ஒரு நாள் சேலையை விரித்துக் காட்டுகிற சாக்கில் குரலைத் தணித்துச் சொன்னார். "அம்மாவுக்கு ரொம்ப முடியலீங்க. கஞ்சி எறங்கறதில்ல. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்குது."

மாமாவிடம் கேட்டேன். காலில் விழுந்தே கேட்டேன். "செத்தாச் சொல்லுவாங்க, அப்பப் போலாம்" என்றார். இழவுக்குப் பகை கிடையாது என்பது எங்கள் வழக்கம். அதைத்தான் சொன்னார். உயிரோடு பார்ப்பதற்குப் பகை உண்டு. என் வீட்டுக்காரரிடம் அழுதேன். "அப்பாவ மீறி எப்படிப் புள்ள" என்று அவரும் கண் கலங்கினார். அந்தக் கண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வாசல் வழியாகப் போக முடியாது. மாமா ஆசாரத்துக் கட்டிலை விட்டு நகர மாட்டார். மதிலோ இரண்டு ஆள் உயரம். இட்டேரிக் கதவு ஒன்றுதான் வழி, அதில் மணி. ஆனால் மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், பெரிய மணி கழற்றியிருக்கும். சின்ன மணி மட்டும் இல்லாமல் இருந்தால் போதும்.

அமாவாசைக்கு நாலு நாள் இருந்தது. துணிக்காரரிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். நாளை மறுநாள் உச்சிப்பொழுதுக்கு இட்டேரி முனையில் புளியமரத்தடியில் வண்டியோடு நிற்கச் சொன்னேன்.

மணிக்காரர் சொன்ன நாளில் வந்தார். எல்லாக் கதவுக்கும் இருக்குது சொன்னார். ஜாடிகளைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தார். நான் தண்ணீர் சேந்திக் கொடுக்கிற மாதிரி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் சின்ன மணிய மாட்டாதீங்க. என்ற அம்மாவப் பாத்துப்போட்டு நாளைக்கே வந்துருவேனுங்க. வந்து அடி உதை என்ன விழுந்தாலும் நான் வாங்கிக்கறேன். உங்க பேரு வெளிய வராது."

அவர் ஜாடியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "சரிங்க அம்மிணி. ஐயா சாப்பிட்டுப் படுத்ததும் போங்க. அம்மாவ நல்லாப் பாருங்க" என்றார்.

இந்தக் காதால் கேட்டேன். அம்மாவ நல்லாப் பாருங்க என்றார்.

மாமாவுக்குச் சோறு போட்டேன். அவர் கை கழுவிப் போய்க் கட்டிலில் சாய்ந்தார். மணிக்காரர் ஆசாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பெரிய மணியின் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். சின்ன மணி வழக்கமாகத் தொங்குகிற ஆணியைப் பார்த்தேன். வெறும் ஆணிதான். அதையும் பார்த்த பிறகுதான் போனேன். நான் ஒன்றும் அவ்வளவு ஏமாளி இல்லை. ஒரு மாற்றுச் சேலை, அம்மாவுக்குப் பிடித்த எள்ளுருண்டை நாலு, எல்லாம் சின்ன மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, இட்டேரிக் கதவின் தாப்பாளை எடுத்து இழுத்தேன்.

மணி அடித்தது.

உள்ளே ஆசாரத்தில் மாமாவின் கட்டிலுக்கு அடியிலிருந்து அடித்தது. ஆணியில் மாட்டாமல் கட்டில் காலில் கட்டி வைத்திருந்தார் அந்த மனுஷன். மாமா எழுந்து ஓடிவந்தார். கதவு பாதி திறந்திருந்தது. ஓடியிருக்கலாம். மூட்டையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். இட்டேரி முனையில் அண்ணனுடைய வண்டி மாட்டின் சலங்கைச் சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவு பக்கம்.

மாமா என்னை அடிக்கவில்லை. "உள்ள போ" என்றார். கதவைச் சாத்தினார். நான் ஆசாரத்தைக் கடந்து போகும்போது மணிக்காரர் தலை நிமிரவில்லை. கிண்ணத்தைத் துலக்கிக்கொண்டே இருந்தார். அது ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது.

அண்ணன் பொழுது இறங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றுவிட்டுப் போனானாம். ஐந்தாம் நாள் சேதி வந்தது. மாமாவே வண்டி பூட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழக்கம் தவறாத மனுஷர். அம்மாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். கன்னத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. கதவு திறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள் என்று அண்ணி சொன்னாள். அதை அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம். என்னுடைய எள்ளுருண்டையைத் திரும்பி வந்து நானே கோழிக்குப் போட்டேன்.

இதோடு போயிற்றா என்றால் போகவில்லை. மாமா அந்த மாதமே மணிக்காரருக்கு ஜரிகைக் கரை போட்ட வேட்டி ஒன்று கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்புறம் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு மணியைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். "உள்ள இருந்து போறதயும் புடிச்சுக் குடுக்குமாமே?" என்பார்கள். மாமா இட்டேரிக் கதவைத் திறந்து காட்டுவார். நான் அடுப்படியில் இருப்பேன். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் கையில் இருக்கிறதைக் கீழே வைத்துவிடுவேன். ஒரு வருஷத்துக்குள் மணிக்காரர் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஆறு ஏழு வீட்டுக்கு மணி மாட்டிவிட்டார். யாராவது சந்தேகமாகக் கேட்டால், "புதுச்சத்திரத்துப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்க" என்பாராம். ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் சொல்லாத மனுஷர். என் கதைக்கு மட்டும் அந்த நியாயம் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பேர் துரோகம். வேறு பேர் வைக்க எனக்குத் தெரியவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, அதுதான்.

ஆனாலும் பாருங்கள், மனசு ஒரு சமாதானம் தேடிக்கொண்டேதான் இருந்தது. மாமா எப்படியோ மோப்பம் பிடித்து, மணிக்காரரைக் கூப்பிட்டு மிரட்டியிருப்பார். ஏழை மனுஷன், என்ன செய்வார்? அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மாதாமாதம் வந்தார். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். மோரைச் செம்பில் ஊற்றி வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். "நல்லாருக்கீங்களா அம்மிணி" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுக் குடிப்பார். நாலு வருஷம் இப்படியே ஓடியது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சேலமே பயந்துகொண்டிருந்த சமயத்தில் மாமா போனார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி என் வீட்டுக்காரர் என் கையில் கொடுத்தார். "நீயே வெச்சுக்க புள்ள" என்றார். அவர் கொடுத்த பெரிய நகை அதுதான்.

கருமாதி முடிந்த மாதம், அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு மணிக்காரர் வந்தார். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் வழியில் நின்றுவிட்டதாம், எட்டு மைல் நடந்து வந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. துத்தநாகம் எங்கேயும் கிடைக்கவில்லை, எங்கேயோ பழைய ஜாடியிலிருந்து எடுத்து வந்தேன் என்றார். முதல் கதவைத் திறக்கப் போனார்.

"அது இருக்கட்டும். இட்டேரிக் கதவுக்கு வாங்க" என்றேன். நாலு வருஷத்தில் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு.

வந்து நின்றார்.

"இந்தக் கம்பிய அறுத்துருங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

"இந்த வழியாத்தானுங்க அம்மிணி திருடன் வருவான். நீங்கதான் காட்டுனீங்க."

"ஆமாங்க, நான்தான் காட்டுனேன்" என்றேன். பிறகு நாலு வருஷமாக உள்ளே கிடந்ததைக் கேட்டேன். "மாமா மிரட்டித்தானே அன்னைக்கு அப்பிடிப் பண்ணுனீங்க? அவரு போய்ச் சேந்தாச்சு. இனிச் சொல்லலாம்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். பொய்யாகச் சொல்லியிருந்தால்கூட நான் நம்பியிருப்பேன். இன்னும் ஒரு செம்பு மோர் கொடுத்து, அவரையே வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் மணி விஷயத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர் அவர்.

"இல்லீங்க. ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு சாப்பிட உள்ள போன நேரத்துல நானாத்தான் கட்டில்ல கட்டுனேன். அடிச்சப்பறந்தான் அவருக்கே தெரியும்."

"எதுக்குங்க?"

"நான் பாத்துக்கற ஊட்டுல கதவு தொறந்து மணி அடிக்காமப் போச்சுன்னா, அப்பறம் நான் எதுக்குங்க?"

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல? நான் ஏணி வெச்சு மதிலேறிக் குதிச்சிருப்பேன். கை கால் ஒடஞ்சாலும் என்ற அம்மாவப் பாத்திருப்பேன்."

"அதுனாலதானுங்க சொல்லல" என்றார். "சொன்னா நீங்க வேற வழி பாத்துருவீங்கன்னு தெரியும்."

திருடனாக இருந்தால் எந்த வழியாக வருவாய் என்று கேட்டவர். என் புத்தி எப்படிப் போகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"என்ற அம்மா செத்துப்போனது தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க" என்றார். வெளுத்துப்போன விரல்களைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். "ஊட்டுல சொல்லி அழுதனுங்க." சொல்லிவிட்டுப் பையிலிருந்து கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்தார். கம்பியின் மேல் வைத்தார். கை அழுத்தவில்லை. "என்ற கையால அறுத்துப் பழக்கமில்லீங்க அம்மிணி" என்றார்.

நான் அந்தக் குறட்டை வாங்கி அறுத்தேன். மெழுகு நூல் சுற்றிய கம்பி, கீரைத்தண்டு மாதிரி அறுந்தது.

"இந்த வழியாவே போயிருங்க. இனி வர வேண்டாம்" என்றேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாப்பாளை எடுத்தார். கதவை இழுத்தார். இழுத்துவிட்டு, கண்ணை மூடி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து நின்றார். எத்தனை வருஷத்துப் பழக்கம். வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கண்ணைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் குனிந்து வெளியே போனார்.

கள்ளி வேலி ஓரமாக அவர் போய் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நானும் குனிந்து அந்தக் கதவைத் தாண்டினேன். யாரும் ஓடிவரவில்லை. இட்டேரியில் புளியமரம் வரைக்கும் நடந்தேன். அங்கே போனதும்தான், இதற்கு மேல் போய்ப் பார்க்க எனக்கு அம்மா இல்லை என்பது நினைவு வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.